தண்டவாளத்தைக் கடந்த வீடு

நாங்கள் அந்த வீட்டை வாங்கியதற்கு ஒரு கூட்ஸ் வண்டிதான் காரணம்.

அப்போது டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில், ஒரு அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் சிநேகிதர்கள் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். காரை எடுத்துக்கொண்டு வடக்கே போய், சோளக்காடும் பருத்திக்காடும் இருந்த இடத்தில் புதுசாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைச் சுற்றிப் பார்ப்பது. எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் சமையலறை வலது பக்கம், இன்னொன்றில் இடது பக்கம், அவ்வளவுதான். என் கணவர் ஒவ்வொன்றின் சுவரையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, அட்டை என்று சொல்லி வெளியே வந்துவிடுவார்.

அப்படி ஒரு நாள் போகும்போது ஒரு சின்ன ஊரின் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். டெக்சாஸ் கூட்ஸ் வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முடிவே கிடையாது. பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் துரதிர்ஷ்டம், பாதியில் அது நின்றும் போனது. கணவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு வெள்ளை மரவீடு இருந்தது. முன்னால் அகலமான வராண்டா, அதில் ஒரு ஊஞ்சல், புல்லில் சாய்ந்து கிடந்த 'விற்பனைக்கு' பலகை. கூட்ஸ் வண்டி மறுபடி நகர்வதற்குள் அவர் அந்த வீட்டை முழுசாகச் சுற்றி வந்துவிட்டார்.

"அம்மிணி, இறங்கி வந்து இதைக் கொஞ்சம் தட்டிப் பாரு" என்றார்.

தட்டிப் பார்த்தேன். பலகை கல் மாதிரி இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் இனி மாடல் வீடு பார்க்கப் போக வேண்டியதில்லை என்று புரிந்துவிட்டது.

மகள் அப்போது மிடில் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். இந்த வீட்டில் பேய் இருக்கும், இங்கே குடிவந்தால் என் பிரெண்ட்ஸ் யாரையும் கூப்பிட முடியாது என்று காரிலிருந்தே சொல்லிவிட்டாள். ஆலனில் பாதித் தமிழர்களுக்கு அங்கிளாக இருக்கும் ஒரு கோயம்புத்தூர்க்காரர் உண்டு. வாஸ்து, நல்ல நேரம், பெயர் வைப்பது எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கேட்போம். அவர் வந்து பார்த்துவிட்டு, வாசல் தெற்கே பார்க்கிறது, ஈசானிய மூலையில் அடுப்பு இருக்கிறது, இந்த வீட்டைத் தூக்கித் திருப்பி வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டை யார் தூக்கித் திருப்பி வைப்பார்கள் என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

வாங்கிக் குடிபோனோம்.

அந்த ஊரில் எங்களை முதலில் தேடி வந்தவள் பழைய ரயில்வே ஸ்டேஷனை மியூசியமாக்கி நடத்திக்கொண்டிருந்த பெண். என் வயதுதான் இருக்கும். வாரநாட்களில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட், சனிக்கிழமை மட்டும் மியூசியம். நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் பாதிக் கதைகளின் முடிவு எனக்கு இரண்டாவது தடவைதான் விளங்கும். பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' என்கிற பலகாரத்தைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, அவள் முதலில் கேட்டது, உங்கள் வீடு நடந்து வந்த வீடு என்று உங்களுக்குத் தெரியுமா என்பதுதான்.

எனக்குப் புரியவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து அவளே சொன்னாள்.

இந்த ஊர் முதலில் இங்கே இல்லை. கிழக்கே, ஓடைக்கரையில் இருந்தது. ஒரு சர்ச், ஒரு கொல்லன் பட்டறை, ஒரு மாவு மில், கொஞ்சம் வீடுகள். ரயில் கம்பெனிக்காரர்கள் தண்டவாளம் போட வந்தபோது ஊர்க்காரர்கள் ரொம்பத்தான் பிகு செய்துகொண்டார்கள். ரயில் எங்கள் ஊருக்கு வராமல் வேறு எங்கே போய்விடும் என்று நினைப்பு. ரயில் வேறு எங்கோ போய்விட்டது. பருத்திக்காட்டு நடுவில், ஊரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் ஸ்டேஷனைக் கட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஊர் முறைத்துக்கொண்டு இருந்தது. பிறகு ஒருவர் தன் கடையைக் கழற்றாமல் அப்படியே உருட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி, மாடு பூட்டி இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஊரே கிளம்பிவிட்டது. சர்ச் கிளம்பியது. பட்டறை கிளம்பியது. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஊர்ந்தன. மழை பெய்தால் சேற்றில் அப்படியே நிற்கும். உள்ளே இருப்பவர்கள் இறங்கவே இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், துணி காய்ந்துகொண்டிருக்கும், காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சாயங்காலம் வந்து வீட்டைத் தேட வேண்டும்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கல்யாணக் கதை. ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேதி வந்தபோது வீடு பாதி வழியில் இருந்தது. மாப்பிள்ளை வெளியூர்க்காரன், பழைய இடத்துக்குப் போய் வெறும் தரையைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு இஷ்டமில்லை, வீட்டோடு ஓடிவிட்டாள் என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தானாம். உருட்டுக்கட்டை பதித்த தடத்தை யாரோ காட்டி, அதைப் பிடித்துக்கொண்டே போ என்றார்களாம். பருத்திக்காட்டு நடுவில் கல்யாணம் நடந்தது. பாதிரியாரின் சர்ச்சும் அன்றைக்கு வழியில்தான் நின்றுகொண்டிருந்தது, அதனால் அவருக்கும் வரச் சௌகரியமாகப் போயிற்று.

இதைச் சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் நேர்மையானவள். இந்த ஊரில் எல்லாரும் தங்கள் வீடு அப்படி வந்ததுதான் என்று சொல்வார்கள், உங்கள் வீட்டைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது, நிரூபிக்க ஒன்றுமில்லை என்றாள்.

எனக்கு அந்தக் கதையின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் மியூசியத்துக்குப் போய்விடுவேன். ரயில் வந்ததால் பருத்தி நல்ல விலைக்குப் போனது, பருத்தியால் ஒரு ஹோட்டலும் ஓபரா ஹவுஸ் என்று பேர் வைத்த ஒரு கொட்டகையும் வந்தன. பிறகு ஹைவே வந்தது. பயணிகள் வண்டி நின்றது. கடைகள் மூடின. கூட்ஸ் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது உங்களைப் போன்றவர்கள் வந்திருக்கிறீர்கள் என்று அவள் என்னைக் காட்டுவாள். வரலாற்றில் நானும் இருக்கிறேனா என்று கேட்டால், நீதான் கடைசிப் பாரா என்பாள்.

எங்களைப் போன்றவர்கள் வந்ததன் பலன் சீக்கிரமே தெரிந்தது. ஊரைச் சுற்றிப் புது வீடுகள் முளைத்ததும் எங்கள் வீட்டு முன்னால் போகும் சாலை போதவில்லை. காலையில் கார்கள் கேட் வரைக்கும் நிற்கும். அதில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், வேலைக்குப் போகிற வழியில் கையசைப்பார்கள். கவுண்டி ஆபீசில், நம் ஊர்க் கணக்கில் மாவட்ட ஆபீசில், சாலையை அகலப்படுத்துவதாக முடிவு செய்தார்கள். அளக்க வந்த பையன் கொடிகளை நட்டுக்கொண்டே வந்தான். கடைசிக் கொடி எங்கள் சமையலறை ஜன்னலுக்கு உள்பக்கம் வந்திருக்க வேண்டும் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

அன்றைக்கு என் கணவர் சாப்பிடவில்லை. வராண்டா ஊஞ்சலில் போய் உட்கார்ந்துகொண்டார். நிலத்துக்கு ஈடு கொடுப்பார்கள், வேறு வீடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் இதை இடித்துவிடுவார்கள். நான் மாடிக்குப் போனபோது மகள் தன் அறையில் படுத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பேய் வீடு என்று சொன்னவள். என்னைப் பார்த்ததும், கண்ணில் தூசி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது அவளாகவே தமிழில் கேட்டாள்.

"அம்மா, இது முன்னாடியே ஒரு தடவை நடந்து வந்த வீடுதானே? மறுபடி நடக்காதா?"

உடனே மியூசியக்காரிக்கு போன் செய்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளும் அன்றைக்கு முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாளாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மனை ரொம்ப நாளாக வெறும் புல்லாகக் கிடந்தது. அது ஊருக்குச் சொந்தமானது. அங்கே ஒரு பழைய வீடு வந்தால் ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம்தான். கூட்டம் போட்டுப் பேசினார்கள். நானும் எழுந்து நின்று பேசினேன். ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் நான். அன்றைக்கு என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை, மாட்டைப் பற்றி நிறையப் பேசியதாகக் கணவர் சொல்கிறார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

வீடு நகர்த்துகிறவரை மியூசியக்காரியே கண்டுபிடித்துக் கொடுத்தாள். நெடுநெடுவென்று உயரம், தொங்கு மீசை, அந்த மீசைக்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். அவர் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதுதான் தொழில். சர்ச் நகர்த்தியிருக்கிறார், ஒரு பேங்கை நகர்த்தியிருக்கிறார், ஒரு தடவை உள்ளே பூனை தூங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் ஒரு வீட்டைப் பக்கத்துக் கவுண்டிக்குக் கொண்டுபோய்விட்டார். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்றார். பூனை எப்போது பேசியது என்று நான் கேட்கவில்லை.

அவர் வீட்டின் அஸ்திவாரப் பலகைகளைக் கழற்றிவிட்டு டார்ச்சோடு கீழே தவழ்ந்து போனார். பிறகு மெல்லிய குரலில் என்னைக் கூப்பிட்டார். சுடிதாரோடு மண்ணில் படுத்து நானும் உள்ளே ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் மியூசியக்காரி, அவளுக்குப் பின்னால் மகள். தலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் பெரிய உத்திரங்கள். அவர் டார்ச்சை ஒரு இடத்தில் காட்டினார். உத்திரத்தின் முனையில், சங்கிலி சுற்றி இழுத்த தடம் ஆழமாக, வழவழவென்று பதிந்திருந்தது. அடுத்த உத்திரத்திலும் அதே இடத்தில். அடிப்பக்கம் முழுக்க உருட்டுக்கட்டை தேய்த்த குழிகள்.

"இந்த வீட்டுக்கு இது முதல் பயணம் இல்லை" என்றார்.

மியூசியக்காரி அந்தத் தடத்தில் விரலை வைத்தாள். அந்த ஒரு தடவைதான் அவள் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தேன். பிறகு நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, எழுந்திருக்கப் பார்த்து, வரிசையாகத் தலையை இடித்துக்கொண்டோம்.

விஷயம் ஆலனுக்குப் பரவியது. அங்கிள் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். புது மனையில் வீட்டைக் கிழக்கே பார்க்க வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் பூத்துவிட்டது. தன் வாழ்நாளில் தான் சொன்ன வாஸ்துப் பரிகாரத்தை இவ்வளவு முழுசாக யாரும் செய்ததில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். நாங்கள் அவருக்காகத்தான் வீட்டைத் தூக்குகிறோம் என்று பாதிப் பேர் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எமகண்டம், அதற்குள் வீடு புது மனையில் கால் வைத்துவிட வேண்டும் என்று மீசைக்காரரிடம் சொன்னார். மீசைக்காரர் காற்று, மழை, கரண்ட் கம்பி, ரயில் எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிறவர். இதையும் சாதாரணமாகக் கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டார்.

ரயில் கம்பெனியிலிருந்து அனுமதி கிடைத்தது. ஞாயிறு காலையில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் தண்டவாளத்தைக் கடந்துவிட வேண்டும், தங்கள் ஆள் ஒருவர் கொடியோடு வந்து நிற்பார் என்றார்கள். நாங்கள் சாமான்களை எல்லாம் கட்டி அங்கிள் வீட்டு கராஜில் போட்டோம். மகள் சுவரில் மாட்டியிருந்த படங்களை மட்டும் எடுக்கவில்லை. ஆடினால் விழுமே என்றேன். விழாது, அவர் வீட்டுக்குள் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து ஓட்டுவார், தளும்பாது என்றாள். மீசைக்காரரிடம் அவள் அதற்குள் நல்ல சிநேகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எங்கள் வீடு இரண்டு நீளமான இரும்பு உத்திரங்களின் மேல், டயர் வைத்த தள்ளுவண்டிகளின் மேல், மீசைக்காரரின் லாரிக்குப் பின்னால் சாலை நடுவில் நின்றது. ஊஞ்சல் கட்டி வைத்திருந்தது. அபார்ட்மெண்டில் பழகியவர்கள், கோயிலில் பழகியவர்கள், தமிழ்ப் பள்ளியில் பழகியவர்கள் என்று நம் ஆட்கள் மட்டும் ஒரு கல்யாணக் கூட்டம். ஆன்ட்டி, அதாவது அங்கிளின் மனைவி, பட்டுப்புடவையில் புளியோதரையும் எலுமிச்சை சாதமும் பெரிய அலுமினிய ட்ரேக்களில் கொண்டுவந்திருந்தார். எதற்குப் பட்டுப்புடவை என்று கேட்டதற்கு, வீடு புறப்படுகிறது, அதற்கு யார் வழியனுப்புவது என்றார்.

அங்கிள் ஒரு வெள்ளைப் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். பிறகு டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்தார். மீசைக்காரர் குனிந்து கவனமாகப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். டயர் நசுக்கிக்கொண்டு போனால் திருஷ்டி போய்விடும் என்று அங்கிள் சொன்னார். டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று எனக்குத் தெரியும், எலுமிச்சம்பழம் எவ்வளவு வேண்டும் என்று தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஒதுங்கிவிட்டார். அங்கே இருந்த டயர்களின் கூட்டத்தை அங்கிள் எதிர்பார்க்கவில்லை. ஒரு பை நிறையப் பழம் இருந்தும் பின்பக்க டயர்களுக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. முன்னால் இருப்பது போனால் பின்னால் இருப்பதும் போகத்தானே வேண்டும் என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டார்.

வீடு நகர்ந்தது.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் படுக்கையறை ஜன்னல் உங்களைக் கடந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குச் சிரிப்பு அடக்கவே முடியவில்லை. வீடு எங்கள் நடை வேகத்தில்தான் போனது, அதனால் நாங்கள் எல்லாரும் அதோடு நடந்தோம். கரண்ட் கம்பிக்காரர்கள் முன்னால் போய்க் கம்பிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு நாய் வீட்டைப் பார்த்துக் குரைத்தது, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. என் கணவர் வராண்டா பக்கத்திலேயே, பலகையில் ஒரு கை வைத்துக்கொண்டு, குதிரையை நடத்திப் போகிறவர் மாதிரி நடந்தார். தட்டுவதை அன்றைக்கும் விடவில்லை.

முன்பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டின. வீட்டின் நடுப்பகுதி தாண்டியது. பின்பக்கம் தண்டவாளத்தின் மேல் ஏறியபோது படார் என்று ஒரு சத்தம். வீடு நின்றுவிட்டது.

பின்னால் இடதுபுற டயர் வெடித்திருந்தது. எலுமிச்சம்பழம் கிடைக்காத டயர்.

எல்லாரும் அங்கிளைப் பார்த்தோம். அங்கிள் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி சாதத்து ட்ரேயைப் பார்த்தார். அங்கிள் வாங்கி வைத்திருந்தது இரண்டு பை என்றும், ஒன்று எலுமிச்சை சாதத்துக்குள் போய்விட்டது என்றும் அப்போதுதான் தெரிந்தது.

மீசைக்காரர் பதறவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி மாற்ற வேண்டியதுதான், கொஞ்சம் நேரமாகும் என்றார். கொடிக்காரர் வாக்கி டாக்கியில் பேசினார். ரயில் கம்பெனி கொடுத்த நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது, மெதுவாகப் பெரிதாகி, வெகு தொலைவிலேயே நின்றது. நான் கொடிக்காரரிடம் ஓடினேன். கொடிக்காரர் சிரித்துக்கொண்டே, அவர்களுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது, அந்த வண்டி நகராது, பயப்படாதீர்கள் என்றார்.

அந்தச் சமயம் பார்த்து சர்ச் விட்டது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஊர் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்து நின்றது. இந்தப் பக்கம் சர்ச்சுக்காரர்கள், அந்தப் பக்கம் நம் ஆட்கள், நடுவே தண்டவாளத்தின் மேல் எங்கள் வீடு. ஆன்ட்டிதான் முதலில் அசைந்தார். இவ்வளவு பேர் நிற்கும்போது சாதத்தை மூடி வைத்திருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. பேப்பர் தட்டுகளில் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். பாதிரியார் புளியோதரையை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். யாரோ காரிலிருந்து லெமனேடு கொண்டுவந்தார்கள், அதிலும் எலுமிச்சையா என்று அங்கிள் முனகினார்.

கொஞ்ச நேரத்தில் தண்டவாளத்தின் ஓரமாக ஒருவர் நடந்து வந்தார். கூட்ஸ் வண்டியின் டிரைவர். உதவிக்காரரை இன்ஜினில் விட்டுவிட்டு இதைப் பார்க்கவே நடந்து வந்திருந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"மாடு குறுக்கே நின்று பார்த்திருக்கிறேன். லாரி நின்று பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன காரணம் சொல்வது?" என்றார்.

"வீடு என்று சொல்லுங்கள்" என்றார் கொடிக்காரர்.

டிரைவருக்கு ஒரு தட்டு எலுமிச்சை சாதம், உதவிக்காரருக்கு ஒரு பார்சல். மகள் அவரிடம் போய் இந்த வீட்டின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். உருட்டுக்கட்டை, மாடு, பருத்திக்காட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அதைக் கேட்க ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. அவளுடைய ஸ்கூல் பிரெண்ட்ஸ் சிலரும் அதில் இருந்தார்கள். இது எங்கள் வீடு, இது என் அறை என்று மேலே ஜன்னலைக் காட்டினாள். மியூசியக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள் ஊர் இப்படி ஒரு வீட்டுக்குப் பின்னால் திரண்டு நின்றதை நான் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன்" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகவே வந்தன.

டயர் மாற்றியாகிவிட்டது. மீசைக்காரர் லாரியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, அங்கிளிடம் மெல்லக் கேட்டார்.

"ஒரு பழம்கூட மிச்சம் இல்லையா?"

லெமனேடு கொண்டுவந்தவர்களின் காரில் ஒரே ஒரு பழம் கிடைத்தது. அங்கிள் அதை மந்திரி பதவி ஏற்கிறவர் மாதிரி இரண்டு கைகளாலும் வாங்கி, புது டயருக்கு முன்னால் வைத்தார். லாரி முக்கியது. பழம் நசுங்கியது. வீடு தண்டவாளத்தை விட்டு இறங்கியது. இன்ஜினுக்குத் திரும்பியிருந்த டிரைவர், என் மகள் கேட்டுக்கொண்டபடி, ஹாரனை நீளமாக அடித்தார். வரிசையில் நின்ற கார்கள் எல்லாம் பதிலுக்கு அடித்தன. பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து புறாக்கள் எழும்பின. என் கணவர், ஆபீஸ் பார்ட்டியில்கூட சுவரோரமாக நிற்கிறவர், சாலை நடுவில் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

எமகண்டத்துக்குச் சற்று முன்னால் வீட்டின் முன்சக்கரம் புது மனையின் புல்லில் ஏறியது. அங்கிள் வாட்சைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அஸ்திவாரம் கட்டி இறக்க இன்னும் பல வாரம் ஆகும். அதுவரைக்கும் அடுக்கிய கட்டைகளின் மேல்தான் வீடு நிற்கும். அப்படி நிற்கிற வீட்டில் பால் காய்ச்சலாமா, காய்ச்சினால் அது கிரகப்பிரவேசமா என்று பெரிய சர்ச்சை. இந்தியாவில் இருக்கும் ஐயருக்கு போன் போட்டார்கள். அங்கே ராத்திரி, அவர் தூக்கத்தில் இருந்தார். எங்கள் வீடு தண்டவாளத்தைத் தாண்டி வந்துவிட்டது என்று சொன்னதை, தண்டவாளத்தைத் தாண்டும்போது எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு, தைரியமாக இருங்கள் என்றார். கடைசியில் அங்கிளே முடிவு செய்தார். வீடு பழசு, திசை புதுசு, அதனால் காய்ச்சலாம், ஆனால் இறக்கிய பிறகு இன்னொரு தடவையும் காய்ச்ச வேண்டும்.

மீசைக்காரர் ஒரு ஏணி சாத்திக் கொடுத்தார். பட்டுப்புடவையோடு ஆன்ட்டி ஏறினார், கீழே மியூசியக்காரி பிடித்துக்கொண்டாள், மேலே நான் இழுத்தேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. சுவரில் ஒரு படம்கூட சாயவில்லை. கேம்ப் ஸ்டவ்வில் பால் வைத்தோம். பொங்கும் சமயத்தில் அந்த கூட்ஸ் வண்டி, கொடிக்காரர் தண்டவாளத்தைச் சோதித்து முடிக்கும்வரை காத்திருந்தது, பக்கத்திலேயே தடதடவென்று கிளம்பிப் போனது. வீடு கட்டைகளின் மேல் லேசாக அதிர்ந்தது. பால் பொங்கி நாலா பக்கமும் வழிந்தது. எந்தத் திசையில் முதலில் வழிந்தது என்று பார்க்க வேண்டிய அங்கிள் ஜன்னலில் நின்று ரயிலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். படி இல்லாததால் நாங்கள் வாசல் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். எதிர் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் படகு, தூண்டில்கள். தொப்பி போட்ட ஒரு மனிதர் இறங்கி, ஐஸ் பெட்டியைக் கையில் எடுத்தவர், எங்களைப் பார்த்துவிட்டு அதை மறுபடி கீழே வைத்தார். தெருவைக் கடந்து மெதுவாக வந்தார். வீட்டைப் பார்த்தார், பட்டுப்புடவை ஆன்ட்டியைப் பார்த்தார், எங்கள் காலடியில் இருந்த புல்லைப் பார்த்தார்.

வியாழக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும்போது இங்கே ஒன்றுமே இல்லையே என்றார். ஆமாம் என்றோம். நீங்கள் எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இன்று மத்தியானத்திலிருந்து" என்றார் என் கணவர்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். பால் காய்ச்சின நாளில் மீனா என்று ஆன்ட்டி ஆரம்பித்தார். வீட்டுக்குள்தானே கூடாது என்றார் அங்கிள். எல்லாரும் ஏணியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, தெருவைக் கடந்து, அவர் வீட்டுப் பின்புறத்துக்குப் போனோம். பையில் மிச்சமிருந்த மிளகாய்த்தூளையும் உப்பையும் நான் எடுத்துக்கொண்டேன். ஆன்ட்டி மட்டும் எட்ட ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கல் நன்றாகக் காய்ந்த பிறகு மீனைப் போடு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.